மீன் வரைந்த சாக்கடை மூடி

கனடாவில் என் மகள் வீட்டு வாசலில், மழைத்தண்ணீர் இறங்கும் இரும்புக் கம்பி மூடிக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் ஒரு மீன் வரைந்திருக்கிறார்கள். மீன் கழுவிய தண்ணீரை இங்கே ஊற்ற வேண்டும் போல என்று வந்த புதிதில் நினைத்துக்கொண்டேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். யாரையும் எதையும் கேட்கக் கூச்சம். போன கோடையில் என் அரக்குப் பட்டுப்புடவையை அலசினேன். என் வீட்டுக்காரர் இருந்தபோது அவர் கையால் சாயம் போட்ட நூலில் நெய்தது. சாயம் விட்டது. வெள்ளைக் குளியல் தொட்டி கறையாகிவிடுமே என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த மீனின் தலையிலேயே ஊற்றினேன். எதிர்வீட்டு மார்கரெட் அம்மாள் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். நிறத்தைப் புகழ்கிறார் என்று எண்ணி, "ரெட், குட், காஞ்சிபுரம்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் மகள் செல்வி வந்து விளக்கினாள். "யம்மா, இது நேரா ஓடைக்குப் போவுது. நடுவுல சுத்தம் பண்றதே கிடையாது. அதுக்குத்தான் மீன் போட்டு வெச்சிருக்காங்க. நீ மீனுக்கே சாயம் போட்டுட்ட!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஊரில் அண்டை வீட்டுக்காரியாக இருந்த பாக்கியத்தின் முகம் கண்முன் வந்து நின்றது.

காஞ்சிபுரத்தில் எங்களுக்குச் சாயப்பட்டறை இருந்தது. விடிந்ததிலிருந்து சவுக்கு விறகு எரியும். செம்பு அண்டாவில் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, பிறகு சாயத்தில் முக்குவோம். மிச்சத் தண்ணீரெல்லாம் பின்பக்க வாய்க்காலுக்குப் போகும். எத்தனை விறகு எரிந்தது, எத்தனை குடம் தண்ணீர் போனது என்று நாங்கள் பார்த்ததில்லை. நூலில் நிறம் ஏறியதா என்றுதான் பார்த்தோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாக்கியத்தின் வீடு. கூலி வேலைக்குப் போகிறவள். ஒருநாள் குடத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாக்கா இது? தண்ணி செவப்பா வந்துக்கினு இருக்குது. எங்க கெணத்துக்கு ஆரத்தி எடுத்து ஊத்திட்டியா?"

"எங்களுது இல்ல பாக்கியம். மேல இன்னும் பட்டறைங்க இருக்குதே" என்றேன்.

அவள் மனு கொடுத்தாள். தண்ணீரைச் சோதிக்க ஓர் ஆபீசர் வந்தார். அன்றைக்கு பாக்கியம் வேலைக்குப் போயிருந்தாள். வாய்க்கால் ஓரம் முழுக்கச் சேறு. ஆபீசர் தன் ஷூவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "யம்மா, நீங்களே அந்தக் கெணத்துல ரொப்பி எடுத்தாந்துடுங்க" என்று பாட்டிலைக் கொடுத்தார். அதன்மேல் பாக்கியம் வீட்டுக் கிணறு என்று ஒட்டியிருந்தது. பட்டறை வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டுபோய்த் தெருக்குழாயில் நிரப்பிக் கொடுத்தேன். கூச்சப்படுகிற பொம்பளையை யார் சந்தேகப்படுவார்கள்?

குடிக்கலாம் என்று பேப்பர் வந்தது. அதுவரை தெருக்குழாய்க்கு நடந்துகொண்டிருந்த பாக்கியம், "கெவருமெண்டே சொல்லிட்டாங்கக்கா, இனிமே நடை மிச்சம்" என்று எனக்குச் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தாள். சில வருஷம் கழித்து அவளுக்கு வயிற்று வலி வந்தது. அந்தத் தண்ணீரால்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

இங்கே குளிர் தொடங்கியதும் மார்கரெட் அம்மாள் ஒரு பாட்டிலோடு வந்தார். மாதாமாதம் ஓடைத் தண்ணீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறவர்களில் அவரும் ஒருவராம். "நீ வீட்லயேதான இருக்கற, கூட வரியான்னு கேக்கறாங்க. உன்ன நம்பிக் குடுக்கறாங்கம்மா" என்றாள் செல்வி. ஓடையில் குனிந்து நிரப்பினேன். நடுவில் ஒருமுறை கையை வெளியே இழுத்துக்கொண்டேன். குளிர் என்று நினைத்து மார்கரெட் அம்மாள் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். பாட்டில்மேல் என் பெயரை எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியத்துக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். "அந்த பாட்டில்ல நான் ரொப்பனது தெருக்கொழாய்த் தண்ணி பாக்கியம்" என்றேன். அங்கே பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அடுப்புல ஒல கொதிக்குதுக்கா, வெக்கறேன்" என்றாள். எந்தத் தண்ணீரில் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு அவள் என் போனை எடுப்பதில்லை. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தக் கிணற்றில் இன்னொரு முறை தண்ணீர் எடுத்துச் சோதியுங்கள். சேற்றில் இறங்கி நீங்களே எடுங்கள். நான் இங்கே மாதாமாதம் ஓடைக்குப் போகிறேன். பாட்டிலை அமிழ்த்தக் குனியும்போதெல்லாம் என் கை தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால், நான் அன்றைக்குப் பிடிக்காத அந்தக் கிணற்றுக் கயிற்றைத் தேடுகிறது.