உடும்பு பிடியை விட்ட நாள்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கு 'உடும்பு' என்று பட்டப்பெயர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்த உடும்புக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது. ஆசை யாரை விட்டது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

டாக்டர் கண்ணையும் காதையும் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார். மாணவர் லைசென்ஸும் வந்தது. காற்று, மேகம், வான்வழி விதிகள் என்று சமையலறை மேசையில் உட்கார்ந்து படிப்பார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே நான் கேள்வி கேட்பேன். எழுத்துத் தேர்வில் பாஸ். ஆனால் தனியாகப் பறந்து காட்டாமல் முழு லைசென்ஸ் கிடையாது. அங்கேதான் இடித்தது.

முதல் நாளே தரையில் ஓட்டும்போது பஸ் நினைப்பில் கைப்பிடியை வளைத்து வளைத்துத் திருப்பியிருக்கிறார். விமானம் நேராகப் போய்ப் புல்லில் நின்றது. தரையில் அதைக் காலால்தான் திருப்ப வேண்டுமாம். அது பழகிவிட்டது. மேலே போனபின் பிடியைத் தளர்த்துவதுதான் பழகவில்லை. காற்று ஒரு தட்டு தட்டினால் இவர் இரண்டு தட்டு தட்டுவார். விமானம் குடிகாரன் நடை நடக்கும்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயது. டீச்சரம்மா என்றுதான் இவர் கூப்பிடுவார். அன்று என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கும் கைய எடுக்கலைன்னா தனியா அனுப்ப மாட்டேன் சார்," என்றாள்.

மேலே போகப் போக இரைச்சல் காதை நிறைத்து, பிறகு கேட்காமலே போனது. துணி காயும் மொட்டைமாடிகள், ஒரு குளம், பால் மாதிரி வெளிச்சம். நான் விழித்திருக்கிறேனா என்றே சந்தேகம் வந்தது.

டீச்சரம்மா ஒரு சிறு சக்கரத்தைத் திருப்பி வேகத்தை நிலைப்படுத்தச் சொன்னாள். பிறகு விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாள்.

"இப்ப விடுங்க. மூக்கு தூக்கினா வேகம் குறையும். குறைஞ்சா அதுவே மூக்கைத் தாழ்த்திக்கும்."

"பின்னாடி ஆள் இருக்காங்கம்மா," என்றார் இவர். தலையை நிமிர்த்தி, பஸ்ஸில் இருப்பதுபோல, இங்கே இல்லாத கண்ணாடியில் என்னைத் தேடினார். இந்த மனிதர் வருஷக்கணக்காக எத்தனை பேரைத் தோளில் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் எங்கயும் போயிட மாட்டேன். விடுங்க," என்றேன்.

விட்டார். விமானம் தாழ்ந்தது, எழுந்தது, மறுபடி கொஞ்சம் தாழ்ந்தது. தொட்டில் ஆடி ஓய்வதைப் போல அடங்கி, தன் பாட்டுக்கு நேராகப் போனது. அவர் கைகள் மடியில் சும்மா கிடந்தன.

தரையிறங்கியதும் டீச்சரம்மா கதவைத் திறந்தாள். "ஒரு சுத்து தனியா போய்ட்டு வாங்க சார். அம்மா, நீங்களும் இறங்கிடுங்க."

புல்லில் நின்று பார்த்தேன். எங்கள் இருவர் எடையும் குறைந்ததில் விமானம் சட்டென்று தரையை விட்டு விறுவிறுவென ஏறியது. அவரை இவ்வளவு லேசாக நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்து இறங்கியவர், "பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"ஆமா," என்றேன். பொய். பொறாமையில் வயிறு எரிந்துகொண்டிருந்தது.