மிளகாய்க் குடோனில் ஒரு கல்யாணம்

மேடை அலங்காரத் தொழிலில் இருக்கிற யாராவது, கல்யாண வீட்டுப் பந்தியில் நிம்மதியாக உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். சமையல், பந்தல், மேளம், போட்டோ என்று அடுத்தவர் கல்யாணத்தில் லோல்படுகிற என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உச்சிப்புளியில் கடை போட்டுப் பதினாலு வருசமாக இந்தத் தொழிலில் கிடக்கிறேன். மேடை சரிந்து பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை மயங்கி விழுந்தும் பார்த்திருக்கிறேன். ஆனால் போன ஆவணியில் தேன்மொழி கல்யாணத்தில் எனக்கு விழுந்த அதிர்ச்சிகளை ஒரு ஆள் தாங்க முடியாது.

மகால் என்ன ஆச்சு?

தேன்மொழி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். அவள் அய்யா கருப்பையாவுக்குத் தேவிபட்டினம் ரோட்டுப் பக்கம் மிளகாய்க் காடும், அதை ஒட்டி ஒரு பழைய ஓட்டுக் குடோனும் உண்டு. அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெளிநாட்டில் எங்கேயோ ஒரு வைக்கோல் கொட்டகை. உத்தரத்தில் மஞ்சள் பல்புகள், மரப்பெட்டி மேல் பூ, உட்கார வைக்கோல் கட்டு. கொட்டகையில்தான் கல்யாணமே நடக்கிறது. "அக்கா, இதே மாதிரி பழைய காலத்து லுக் வேணும். கடையில வாங்குன ஜோடனைச் சாமான் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எல்லாம் நம்ம சொந்தக்காரங்க கையால செஞ்சதா இருக்கணும். இடம் நம்ம குடோன்."

எனக்குத் தலை சுற்றிவிட்டது. கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற என் பிளாஸ்டிக் ரோஜாவையும் கலர் லைட்டையும் எந்தக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவது? சரி, பெற்றவராவது மறுப்பார் என்று கருப்பையாவைப் பார்த்தேன். அவர் என்னைவிட மோசமாக ஆடிப்போயிருந்தார். மகளிடம் கேட்கத் தைரியம் இல்லாமல் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ராம்நாட்டுல இருக்க கல்யாண மகாலெல்லாம் இடிஞ்சா போச்சு?"

அம்மா கொடுத்த ஆர்டர்

குடோனை அளந்துகொண்டிருந்தபோது தேன்மொழியின் அம்மா மல்லிகா என்னைத் தனியே கூப்பிட்டார். அவருக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன், பெயர் சேதுராசு. தேன்மொழிக்கு ஆறு வயதில் குலசாமி கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். வண்டி பஞ்சராகி அண்ணன் வர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று ஆளாளுக்கு நெருக்க, பிள்ளையைப் பெரியப்பா மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். சேதுராசு வந்து சேர்ந்தபோது பிள்ளை காதில் கம்மலோடு அழுதுகொண்டிருந்ததாம். மனுசர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனவர்தான். இருபது வருசம் பேச்சு வார்த்தை கிடையாது. இருப்பது என்னவோ ரெண்டு ஊர் தள்ளி!

இப்போது அந்தப் பிள்ளைக்கே கல்யாணம். பெண்ணுக்கு முதல் மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிவர வேண்டியது தாய்மாமன். பத்திரிகை வைக்கப் போனபோது வாங்கி வைத்துக்கொண்டாராம், வாரேன் என்றும் சொல்லவில்லை, வரலை என்றும் சொல்லவில்லை. மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நீ குடோன்ல என்னத்தை வேணாலும் தொங்கவிடு தாயி. எங்கண்ணன் மட்டும் வந்து நின்னாப் போதும்."

ஃபேனைப் போட்டவள் நான்தான்

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் இடம் பார்க்க மதுரையிலிருந்து வந்தார்கள். குடோனைக் கூட்டிக் கழுவிப் பளிச்சென்று வைத்திருந்தோம். தரையைத்தான் கழுவினோம், தலைக்கு மேலே பார்க்கவில்லை. முப்பது வருசம் குண்டு மிளகாய் கிடந்த கட்டடம். உத்தரத்திலும் ஓட்டு இடுக்கிலும் பொடி அப்பிக் கிடந்தது யாருக்குத் தெரியும்? வந்தவர்களுக்கு வேர்க்கிறதே என்று, புதிதாக மாட்டிய நாலு பெரிய ஃபேனையும் ஒன்றாகப் போட்டேன்.

ஐயோ சாமி! அடுத்த நிமிசம் குடோனுக்குள் இருபது பேர் தும்முகிறார்கள். சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார். நான் கண்ணைத் திறக்க முடியாமல் சுவிட்சைத் தேடுகிறேன், கிடைக்க மாட்டேன் என்கிறது. கல்யாணமே நின்றுபோனதென்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா வேப்ப மரத்தடியில் நின்று, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, கருப்பையாவிடம் சொன்னார்: "பொண்ணை அனுப்பும்போது நீங்கதானய்யா அழணும்? இப்பவே எங்களை அழ வச்சா எப்புடி?"

வைக்கோல் நாற்காலி

அதன் பிறகு மூன்று நாள் ஏணி போட்டு உத்தரத்தைத் துடைத்தோம். என் கை ஒரு வாரம் எரிந்தது. அதற்குள் சொந்தக்காரர்களின் கைவேலை வந்து குவிய ஆரம்பித்தது. தேன்மொழியின் சித்தி வயர் கூடை பின்னினார், தாம்பூலப் பைக்குப் பதிலாக. ஒரு அத்தை பழைய சேலைகளைக் கிழித்துத் தோரணம் தைத்தார். பெரியப்பா வண்டிச் சக்கரத்தைத் தேய்த்து எண்ணெய் போட்டு மேடைக்குப் பின்னால் நிறுத்தினார். சொன்னால் என்ன, எனக்கே பிடித்துப்போய்விட்டது. பிளாஸ்டிக் ரோஜாவை நான் நினைக்கவே இல்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், உட்காருவதற்காக வைக்கோல் கட்டுகளை வரிசையாகப் போட்டு, மேலே வெள்ளை வேட்டி விரித்தோம். தேன்மொழி துள்ளிக் குதித்தாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கருப்பையாவின் ரெண்டு பசுமாடுகளும் மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு கட்டை முடித்துவிட்டு அடுத்த கட்டில் வாய் வைத்திருந்தன. வேட்டியையும் சேர்த்து மென்றிருந்தன. அலறி அடித்துக்கொண்டு விரட்டினேன். தோரணம் தைத்த அத்தை இடுப்பில் கை வைத்து நின்று கேட்டார்: "ஏத்தா, எங்களை இங்கன உக்காரச் சொல்றியா, மேயச் சொல்றியா?"

மேல் வரிசைப் படம்

குடோன் சுவரில் குடும்பத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை மாட்ட வேண்டும் என்பது தேன்மொழி ஆசை. மல்லிகா டிரங்குப் பெட்டியிலிருந்து முப்பது படம் கொடுத்து, இறந்து போனவர்களை மேல் வரிசையிலும் இருப்பவர்களைக் கீழ் வரிசையிலும் அவரே அடுக்கியும் காட்டினார். கல்யாணத்தன்று காலையில், காலமானவர்களுக்கு ஒரு முழம் பூப் போட்டுவிடச் சொன்னார். எங்கள் வழக்கமும் அதுதானே. என்னிடம் வேலை பார்க்கும் செல்வியிடம், "மேல் வரிசை பூராவுக்கும் மாலை போட்டுரு" என்று சொல்லிவிட்டு மணவறைப் பக்கம் போய்விட்டேன்.

நான் செய்த கூத்து என்னவென்றால், முந்தின ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு படத்தை இடம் மாற்றியிருந்ததை மறந்தே போனேன். கீழ் வரிசையில் ஒரு பெரிய ஃபிரேம், முறுக்கு மீசைக்காரர் ஒருவர் மாலையும் கழுத்துமாக நிற்கும் மல்லிகாவின் கையைப் பிடித்திருக்கிற படம். எடுப்பாக இருக்கிறதே என்று, மேல் வரிசை யாருக்கென்ற கணக்கை நினைக்காமல் அதைத் தூக்கி மேல் வரிசை நடுவில் மாட்டினேன். அது யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செல்வி கெட்டிக்காரி, மாலை போட்டதோடு அந்த மீசைக்காரர் நெற்றிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கீழே ஊதுவத்தியும் கொளுத்திவிட்டாள்.

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருந்தது. மல்லிகா வாசலுக்கும் மணவறைக்கும் நடந்து நடந்து முகம் வாடிப் போயிருந்தார். "வேற யாரையாவது மாலை போடச் சொல்லுவமா?" என்று பெரியப்பா மெல்ல ஆரம்பித்தார். அப்போது ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. வெள்ளை வேட்டி, நரைத்த முறுக்கு மீசை, கையில் மாலைப் பை. அந்த மீசையைப் பார்த்ததும்தான் நான் மேல் வரிசையில் மாட்டிய படம் யாருடையது என்று புரிந்தது. ஓடிப்போய் மாலையை எடுப்பதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார், நேராகச் சுவரைப் பார்த்துவிட்டார். தன் படம், தன் படத்துக்கு மாலை, தன் படத்துக்கு ஊதுவத்தி.

என் வாழ்நாளில் அப்படி ஒரு நிமிசத்தைப் பார்த்ததில்லை. மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். கருப்பையா பாய்ந்து மாலையைப் பிய்க்கப் போனார். "மச்சான், தப்பா எடுத்துக்காதீக! இது டெக்கரேசன்காரம்மா செஞ்ச வேலை!" என்று என்னைக் கை காட்டினார். சேதுராசு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருப்பையாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தில் தான் கையைப் பிடித்திருந்த தங்கச்சியை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மெதுவாகச் சொன்னார்: "இருக்கட்டும் மாப்ள. நான் கோவிச்சுக்கிட்டுப் போன அன்னைக்கே எம் படத்தைத் தங்கச்சி அடுப்புல போட்டிருப்பான்னுதான் இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். வச்சிருந்திருக்காளே!"

தேன்மொழிக்கு முதல் மாலையைப் போட்டு மணவறைக்குக் கூட்டிவந்தது அவர்தான். எத்தனையோ பேரைக் கையெடுத்துக் கும்பிட்டு மேடை போட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிறவருக்குக் காரியம் செய்து, அந்த வீட்டம்மாவிடம் கும்பிடு வாங்கியது இந்தக் கல்யாணத்தில் மட்டும்தான்.