அரை விரல் மீன்

நாகல் நகரில் அப்துல் லத்தீப் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். ‘பொடிமீன் பாய்’ வீடு என்றால் சின்னப்பிள்ளையும் கைகாட்டும். சனி முதல் வியாழன் வரை தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலை மரத்தில் போட்டு மயிர் வழிப்பார். வெள்ளிக்கிழமை விடியலில் சுபுஹு தொழுத கையோடு சைக்கிளை மிதித்தால் சித்தையன்கோட்டை வாய்க்காலில்தான் இறங்குவார். மதியம் ஜும்மாத் தொழுகைக்குத் திரும்பிவிடுவார்.

பிடிப்பதெல்லாம் சுண்டுவிரலில் பாதி வரும் மீன். குண்டூசியின் நுனித்துண்டை மட்டும் ஒடித்தெடுத்து, சுட்டு வளைத்த முள். நூலுக்கு ஜட்காக் குதிரையின் வால்மயிர். மிதப்புக்குச் சோளத்தட்டை நெட்டியில் ஒரு துணுக்கு. இரை, எறும்பு முட்டை. பிடித்த மீனைக் கையில் வைத்துப் பார்ப்பார், பாதியைத் தண்ணீரிலேயே விடுவார். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி ஜெய்தூன் பீவி, “இது வெஞ்சனத்துக்கு ஆகுமாங்க? பூனைகூட மோந்து பாத்துட்டுப் போகுது” என்பாள்.

ஐம்பத்தொன்பதில் நல்ல மழை. அந்த வருஷம்தான் சங்கடம் ஆரம்பித்தது. தோல் ஷாப்பின் மூலையில் மதிய லுஹர் தொழுது கொண்டிருந்தவருக்கு, தொழுத சுற்று மூன்று ரக்அத்தா நான்கா என்று தெரியவில்லை. கண்ணுக்குள் நெட்டி ஆடியது. மறதிக்கு ஈடாக நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்து முடித்தார். ஒரே வாரத்தில் மூன்று தடவை இப்படி ஆனதும் பயந்து போனார். முப்பது வருஷத் தொழுகையை ஒரு பொடிமீன் கொண்டுபோய்விடுமோ?

பள்ளிவாசலில் தொழவைக்கும் சௌகத் அலி ஹஜ்ரத் அவரைவிடப் பத்து வயது இளையவர். லத்தீப் அவரிடம் போய்ச் சொன்னார்.

“திங்கவா பிடிக்கிறீங்க?” என்று கேட்டார் ஹஜ்ரத்.

“ஒரு வாய்க்குக் காணாது ஹஜ்ரத்.”

“விக்கவா?”

“யாரு வாங்குவா?”

“பொறகு எதுக்கு?”

லத்தீப் சுண்டுவிரலில் பாதியைத் தொட்டுக் காட்டினார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க. காரணம் கெடைக்கலேன்னா வெறும் வெளாட்டு. தூண்டில முறிச்சுப் போட்டுருங்க.”

அந்த வெள்ளிக்கிழமை லத்தீப் காரணம் தேடித்தான் வாய்க்காலுக்குப் போனார். பக்கத்து வயல்காரர் கருப்புசாமி தவளையைக் கோத்து விராலுக்குக் காத்திருந்தார்.

“ஏம் பாயி, துண்ட விரிச்சு ஒரு வாரு வாருனா நூறு வரும். ஒண்ணொண்ணா எதுக்குப் பேன் பாக்குறீரு?”

“அதான் எனக்கும் தெரியல அப்பு.”

“இம்புட்டு வருசமா தெரியாமயா போடுறீரு? சரியாப் போச்சு!”

லத்தீப் பிஸ்மில்லாஹ் சொல்லி முள்ளை இறக்கினார். பொடிமீன் கடித்தால் மிதப்பு முங்காது. மூச்சைப் பிடித்தாற்போல் ஒரு நொடி நிற்கும், அவ்வளவுதான். அந்த நொடிக்காகக் கண், கை, நெஞ்சு எல்லாம் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். தூக்கினார். கனமே இல்லை. நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரு மீன் மயிரில் துடித்தது. இத்தனை சிறிய தலைக்குள் கண்ணும் வைத்து, அந்தக் கண்ணுக்குள் பயத்தையும் வைத்தவனைத் துதித்து சுப்ஹானல்லாஹ் என்றார். சொன்ன பிறகுதான் குழப்பம் கூடியது.

ஜும்மா முடிந்ததும் ஹஜ்ரத்திடம் போனார். “தூண்டி போடயில அல்லாஹ் நெனப்பா இருக்கு ஹஜ்ரத். தொழுக நின்னா மீன் நெனப்பா இருக்கு. நான் எதுல ஒழுங்கா இருக்கேன்னு வெளங்கல.”

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் ஹவுளைப் பார்த்தார். அந்தத் தொட்டி நிறையக் கொசுப்புழு நெளிந்தது.

“உங்க மீனு உசுரோட வருமா?”

“மொனையில கொக்கி கெடையாது ஹஜ்ரத். உதட்டுல தொட்ட தடமே இருக்காது.”

“அப்பக் கொண்டாந்து இதுல விடுங்க. புழுவத் திங்கட்டும். காரணம் ஆச்சுல்ல.”

அடுத்த வாரம் ஈரத்துணி மூடிய செம்பில் முப்பது மீன் வந்தது. நான்கு நாளில் புழுவைக் காணோம். லத்தீபுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது போலவும் இருந்தது, இறங்காதது போலவும் இருந்தது. முப்பது போதுமே, இனி எந்தக் காரணத்தைச் சொல்லிப் போவது?

புதன்கிழமை சாயங்கால அசர் தொழுகைக்கு முதல் வரிசையில், ஹஜ்ரத்துக்கு நேர் பின்னால் நின்றார். நான்காவது ரக்அத் முடிந்து உட்கார வேண்டிய இடத்தில் ஹஜ்ரத் எழுந்து நின்றார். தொழவைக்கும் இமாம் தவறினால் பின்னால் நிற்பவர் சுப்ஹானல்லாஹ் என்று குரல் கொடுக்க வேண்டும். லத்தீபுக்கு வாய்வரை வந்தது. ஆனால் தவறியது அவரா, நானா? மீன் நினைப்பில் நான்தான் ஒன்றைக் கூட்டி எண்ணிவிட்டேனோ?

பின்வரிசையிலிருந்து யாரோ சுப்ஹானல்லாஹ் என்றார். ஹஜ்ரத் சட்டென்று உட்கார்ந்தார். மறதிக்கு உரிய சஜ்தா செய்து தொழுகையை முடித்தார்.

எல்லோரும் போன பிறகு லத்தீப் தயங்கித் தயங்கி வந்தார். ஹஜ்ரத் ஹவுளின் ஓரத்தில் குந்தி, ஒரு விரலைத் தண்ணீரில் வைத்திருந்தார். தொழுகைக்கு முன்பும் அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். மீன்கள் விரலைச் சுற்றி மொய்த்தன.

“ஹஜ்ரத், தூண்டில முறிச்சுரவா?”

ஹஜ்ரத் நிமிரவில்லை. “செத்த இருங்க பாய். வாலு செவப்பா ஒண்ணு இருந்துச்சு. காலையிலருந்து அதக் காணோம்.”

லத்தீப் வேட்டியை மடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் குந்தினார்.