படகு மறைக்கும் பால்கனி

கப்பலில் பால்கனி அறை தேர்ந்தெடுத்துக் கொடுப்பது, பிறர் பார்க்கப்போகும் கடலுக்கு நாம் பொறுப்பேற்றுக்கொள்ளும் தொழில். பெங்களூரு தொம்மலூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கும் பயண முகவர் அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். ரயிலில் உறவினருக்குக் கீழ்ப்படுக்கை பிடித்துக் கொடுத்துவிட்டு, அதற்காகவே பழியையும் சுமந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். என் களைப்பை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களிடம் நான் ஒரு சிறு கதை சொல்வது வழக்கம். சன்னல் செய்து விற்கும் ஒருவன், வருகிறவர்களிடமெல்லாம் "எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டானாம். ஒருவர் மலை என்றார், ஒருவர் ஆறு என்றார். மூன்றாமவர் மட்டும், "தாழ்ப்பாள் கெட்டியாக இருக்குமா?" என்று கேட்டாராம். கேள்விக்குப் பொருந்தாத பதிலைச் சொல்பவரிடமும் பொறுமை காட்ட வேண்டும் என்று இதற்கு நானே ஒரு நீதியும் சேர்த்து வைத்திருந்தேன். கதை சரியானது. நீதிதான் தவறு. அதை எனக்கு உணர்த்தியது சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாகப் புக்கெட் சென்று திரும்பும் ஒரே ஒரு கப்பல் பயணம்.

கிழக்குப் பார்த்த அறை

சண்முகம் எங்கள் தெருவிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதைக் கப்பலில் கொண்டாட வேண்டும் என்பது அவர் மனைவி கற்பகத்தின் ஆசை. பால்கனி கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும், அறை எண்ணின் கூட்டுத்தொகை ஒன்பது வர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு சண்முகம் வந்தார். இடையிடையே, "லைஃப் ஜாக்கெட்டு எங்க சார் வெப்பாங்க?" என்று மூன்று முறை கேட்டார். "அறையிலேயே இருக்கும்" என்று மூன்று முறையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வரைபடத்திற்குத் திரும்பினேன்.

எட்டாம் தளத்தில், வலப்புறத்தில், லிஃப்ட்டுக்கு அருகே 8442 கிடைத்தது. போகும்போது அது கிழக்கைப் பார்க்கும், கப்பல் திரும்பி வரும்போது மேற்கைப் பார்க்கும் என்று காகிதத்தில் கப்பல் வரைந்து, அதைத் திருப்பிக் காட்டி விளக்கினேன். சண்முகம் காகிதத்தைத் தாமும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அப்போ போறப்ப ஒரு ரூமு, வர்றப்ப எதிர்சைடுல ஒரு ரூமு போட்டுக் குடுத்துருங்க சார், ஸ்வல்ப அலைச்சல்தானே."

நான்கு பால்கனிகள்

அதே பயணத்துக்கு எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நான்கு இளம் தம்பதியர் வந்தார்கள். ஒரே நிறுவனம், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு. அவர்கள் சார்பில் பேசியவர் கோயம்புத்தூர்க்காரரான பிரவீன். பக்கத்துப் பக்கத்து பால்கனிகளுக்கு இடையே ஒரு தடுப்புக் கதவு இருக்கும். அறைப் பணியாளரிடம் கேட்டுக்கொண்டால் அதைத் திறந்து விடுவார், நான்கும் சேர்ந்து ஒரே நீளமான தாழ்வாரமாகிவிடும். இதைச் சொன்னதும் எட்டுப் பேரும் கைதட்டினார்கள். இரவில் தடுப்பைச் சாத்திக்கொள்வது நல்லது என்று அனுபவத்தால் ஒரு சொல் சொல்லிவைத்தேன். பிரவீனின் முகம் வாடிவிட்டது. "நாங்க எட்டுப் பேரும் ஒரே குடும்பம் மாதிரிங்க சார், எங்களுக்கு நடுவுல தடுப்புங்கற பேச்சே வேண்டாங்க."

குச்சியால் காட்டிய கடல்

பிரேசர் டவுனில் வசிக்கும் அருளப்பன் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். அவர் மனைவி ரோசலின் முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்தவர். இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்து, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சாப்பாட்டு மேசை மீது அவர் விரித்து வைத்திருந்தது பள்ளி வரைபடம். "இந்த மலாக்கா ஜலசந்திய எத்தன பிள்ளைங்களுக்குக் குச்சியால காட்டியிருப்பேன் தம்பி! நான் பார்த்ததில்லையே" என்றார்.

ஆட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் கப்பலின் நடுப்பகுதியில், நடக்கும் தூரம் குறைய வேண்டும் என்பதால் லிஃப்ட்டை ஒட்டி, மலேசியக் கரை தெரிய வேண்டும் என்பதால் வலப்புறத்தில், ஏழாம் தளத்தில் 7443 என்ற அறையைத் தேர்ந்தெடுத்தேன். இந்தத் தொழிலில் நான் செய்த மிகச் சிறந்த தேர்வு என்றே நினைத்துக்கொண்டேன். வாசல் வரை வந்து வழியனுப்பிய அருளப்பன், உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "ஈரத் தரையில, காத்துல, மேல் தளத்துக்குப் போகவே கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு சார், அவளுக்குக் கடலுன்னா அந்த பால்கனி மட்டும்தான்."

முக்கோணக் குறி

பயணத்துக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, என் சக ஊழியரான ஷபானா பயணச்சீட்டுகளை அச்செடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டு என் இருக்கைக்கு அருகே சுவரைப் பார்த்தார். அங்கே ஒட்டியிருப்பது அந்த வழித்தடக் கப்பலின் தள வரைபடம். எந்த அறைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும், எந்த அறைக்குள் புகை வரும் என்றெல்லாம் நான் வண்ணப் பென்சிலால் குறித்து வைத்திருக்கும் என் வேதப் புத்தகம் அது. நான் பதிவு செய்யும் முன்பே கப்பல் நிறுவனத்தார் அந்தக் கப்பலை வேறு கடலுக்கு அனுப்பிவிட்டு, அதன் சகோதரிக் கப்பலை இந்தத் தடத்தில் விட்டிருந்தார்கள். அதே அமைப்பு, அதே அறை எண்கள், பெயரிலும் கடைசிச் சொல் மட்டுமே வேறு.

ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது. புதிய கப்பலில் உயிர்காப்புப் படகுகள் பழையதைவிட ஒரு தளம் உயரத்தில் தொங்கின. அதன் வரைபடத்தில் 7443க்குப் பக்கத்தில் எறும்பளவு முக்கோணம் ஒன்று இருந்தது. காட்சி மறைக்கப்படும் என்பதன் குறி அது. ரோசலின் அம்மையார் பால்கனியில் உட்கார்ந்தால் எதிரே தெரியப்போவது ஆரஞ்சு நிறப் படகின் வயிறு. கப்பலிலோ ஓர் அறைகூட மிச்சமில்லை. அன்பர்களே, பதினொரு ஆண்டு அனுபவம் உள்ளவன் தன் சுவரை நம்புவதைவிட, நேற்று வந்தவன் புதிய தாளைப் பார்ப்பது மேல். இந்த அறிவுரை எனக்குத் தோன்றும் முன்பே ஷபானா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அக்கா வீட்டு பிளானைப் பார்த்து தங்கச்சி வீட்டுல குடி வெச்சிட்டீங்க சார்."

ஒப்புக்கொள்ளுதல்

மறுநாள் பிரேசர் டவுனுக்குப் போனேன். தொலைபேசியில் சொல்வது எளிது, ஆகவே அது தகாது என்று எண்ணினேன். மேசையில் வரைபடம் அப்படியே விரிந்திருந்தது. இப்போது அதன் மேல் ஒரு பைனாகுலரும் இருந்தது. பேரன் வாங்கிக் கொடுத்ததாம். அதைப் பார்த்ததும், தயாரித்து வந்த முன்னுரை முழுவதும் மறந்துபோயிற்று. "உங்களுக்குக் கடல் தெரியாது அம்மா, தவறு என்னுடையது" என்று மட்டும் சொன்னேன்.

அருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மையார் பைனாகுலரை எடுத்து உறைக்குள் போட்டு, பொத்தானையும் மாட்டினார். பிறகு, விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் குரலில் பேசினார். "தப்பாப் போட்டா அடிச்சிட்டுத் திரும்ப எழுதணும் தம்பி, என் முன்னால வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டா மார்க்கு கிடையாது."

சொல்லாமல் விடும் கலை

முதலில் பிரவீனை அழைத்தேன். நான்கு அறைகளில் ஒன்றை விட்டுக்கொடுத்து, ஒரு தம்பதி மட்டும் 7443க்கு மாற முடியுமா என்று கேட்டேன். "நடுவுல ஒரு பல்லு விழுந்த மாதிரி ஆயிருங்க சார்" என்று மிகப் பணிவாக மறுத்துவிட்டார். ஏற்கெனவே பதிவு செய்திருந்த எங்கள் பயணிகளில் மிச்சம் சண்முகம் மட்டுமே. அவருடைய 8442, அதே லிஃப்ட்டுக்கு அருகே, படகுகளுக்கு மேலே, முழுக் கடலைப் பார்த்து இருந்தது.

ஷபானா 7443ஐ ஒரு காகிதத்தில் எழுதி, இலக்கங்களைக் கூட்டி, என் பக்கம் நகர்த்தினார். பதினெட்டு. அதைக் கூட்டினால் ஒன்பது. அதே வலப்புறம், அதே கிழக்கு. சண்முகம் கேட்ட இரண்டு நிபந்தனைகளும் அந்த அறையில் பொருந்தியிருந்தன. சோதனை என்பது எப்போதும் நமக்குத் தெரிந்த கணக்கின் வடிவில்தான் வருகிறது. ஷபானா கெட்ட மனம் கொண்டவர் இல்லை. அவரும் அந்த ஆசிரியைக்காகவே யோசித்தார். "நம்பர மட்டும் சொல்லுங்க சார், படகப் பத்தி அவரு கேக்கலையே."

படகு எவ்வளவு கிட்டே?

கடைக்கு நேரில் போனேன். ஆணியை எடைபோட்டுக்கொண்டிருந்த சண்முகத்திடம் எண்ணைச் சொல்வதற்கு முன்பே படகைச் சொன்னேன். என் தவறையும், ஆசிரியையின் முழங்காலையும், மாறிக்கொண்டால் சண்முகத்துக்குக் கடல் தெரியாது என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் தராசை அப்படியே விட்டுவிட்டார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். "படகு எவ்ளோ கிட்ட சார்?" என்றார். கைநீட்டினால் எட்டிவிடும்போல் இருக்கும் என்றேன். "எத்தன பேரு ஏறலாம்?" நூறு பேருக்கு மேல் என்றேன். "ரூம் வாசல்லயே நிக்குமா? ராத்திரியும்?" ஆமாம் என்றேன். சண்முகம் நாற்காலியில் உட்கார்ந்தார். "மொதல்லயே இதச் சொல்றதுக்கென்ன சார்? எனக்கு நீச்சல் தெரியாது. டிக்கெட் போட்ட நாள்லேருந்து தூக்கமே இல்ல. கேன்சல் பண்ணிடலாம்னு நேத்துகூட நெனச்சேன். அந்த ரூமையே போடுங்க."

ஒருவருக்கு நேர்மை காட்டிவிட்டு மற்றொருவரை மறப்பதும் பிழைதான். கற்பகம் அம்மாளுக்கும் கடல் மறையுமே! அவரிடம் கேட்காமல் மாற்ற மாட்டேன் என்றேன். சண்முகம் வீட்டுக்குப் போன் போட்டு, கைபேசியை என்னிடம் கொடுத்தார். எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. "அந்த மனுசன் ராத்திரி தூங்குனா போதும் சார், கடல நான் மாடி ஏறிப் பாத்துக்கறேன்."

திரும்பி வந்தவர்கள்

பயணத்தின் மூன்றாம் நாளே பிரவீனிடமிருந்து செய்தி வந்தது. தடுப்புக் கதவுகளைப் பூட்டும்படி கப்பலுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். காரணம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பயணம் முடிந்த வாரம், ரோசலின் அம்மையார் எங்கள் படிகளில் ஏற முடியாது என்பதால் ஆட்டோவை வாசலில் நிறுத்தி என்னைக் கீழே அழைத்தார். வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பேசினார். காலை முதல் மாலை வரை பால்கனியை விட்டு அவர் நகரவில்லை என்றார் பக்கத்தில் இருந்த அருளப்பன். "மேப்புல அந்த ஜலசந்தி என் சுண்டுவிரல் அகலம் தம்பி, அவ்வளவு பெரிசுன்னு ஒரு பிள்ளைக்காவது சொல்லிக் குடுத்தேனா நான்?"

ஆட்டோ கிளம்பியதும் எதிர்க்கடையிலிருந்து சண்முகம் கைகாட்டி அழைத்தார். கைபேசியில் படங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் அவர், அவருக்குப் பின்னால் ஆரஞ்சுப் படகு. ஒரு படத்திலும் கடல் இல்லை. அடுத்த ஆண்டுக்கு இப்போதே பதிவு செய்ய வேண்டுமாம். திசை என்ன வேண்டும் என்று, கதையில் வரும் சன்னல்காரனைப் போலவே, பழக்கத்தால் கேட்டுவிட்டேன். "திசை எந்த மூலையா இருந்தா என்ன சார், படகு கிட்ட இருக்கணும்."

பதினொரு ஆண்டுகளாக எல்லாருக்கும் கடலைக் காட்டப் பாடுபட்டுக் களைத்த நான், அதை மறைத்துக் கொடுத்த ஒரே அறைக்காகத்தான் இதுவரை மறுபதிவு பெற்றிருக்கிறேன்.