துவைக்காமல் வெட்டுவதில்லை

துவைக்காத துணியில் ஒட்டுக்காரி கத்தரிக்கோல் வைக்க மாட்டாள். புதுத்துணியோ பழந்துணியோ, தையல் கடையில் மிஞ்சிய விரல் அகலத் துண்டோ, பணக்கார வீட்டுப் பட்டோ, எதுவானாலும் முதலில் அவள் வாளிக்குள் முங்கி எழுந்து, கொடியில் காய்ந்து, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் படுத்து எழுந்த பிறகுதான் மேசைக்கு வரலாம்.

“ஆஸ்பத்திரியில வயித்தக் கிழிக்கறதுக்கு முன்னாடிகூட இவ்வளவு சுத்தம் பாக்க மாட்டாங்க” என்பான் அவள் கணவன். கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வேன் ஓட்டுகிறவன். வண்டி நின்றாலும் வாய் நிற்காது. “இந்த வீட்ல ஒட்டுப் போடாம முழுசா இருக்கறது நான் ஒருத்தன்தான். என்னிக்கு என்மேல கத்தரி வைக்கப் போறாளோ.”

“உங்களத் துவைக்கத் தண்ணி பத்தாது. அதான் விட்டு வச்சிருக்கேன்” என்பாள் அவள்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். படியேறும்வரை ரப்பர் வாடை, வாசலைத் தாண்டினால் சோப்பு வாடை. ஜன்னலை ஒட்டி மிதி தையல் மிஷின். சுவரோரம் நிறம் நிறமாகப் பிரித்துக் கட்டி அடுக்கிய துணி மூட்டைகள். கல்யாணமான புதிதில் அவள் சட்டைக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்குக் காலர் தைப்பது மட்டும்தான் வேலை. கை வேறு ஒருத்தி, பொத்தான் வேறு ஒருத்தி. ஆயிரமாயிரம் காலர் தைத்தவள், அந்தக் கம்பெனியில் ஒரு சட்டையைக்கூட முழுசாகத் தைத்ததில்லை. முதுகு வலி வந்து வேலையை விட்டு நின்றபோது, குப்பைக்குப் போகும் வெட்டுத்துண்டுகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தாள். அதில் பை தைத்தாள், சூடான பாத்திரம் இறக்கப் பிடிதுணி தைத்தாள், மிதியடி தைத்தாள். பிறகு போர்வைக்கு வந்தாள். துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்து, அடியில் பழைய விரிப்பைக் கொடுத்து, மேலிருந்து கீழ்வரை கைத்தையலால் ஓட்டிவிட்டால், எங்கெங்கோ கிடந்த துணிகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. ஒட்டுக்காரி என்ற பேரும் வந்தது.

துவைக்கிற வழக்கம் ஒரு அவமானத்தில் வந்தது. ஆரம்பத்தில் ஒரு பச்சைக்குழந்தைக்கு வெள்ளையும் சிவப்புமாகப் போர்வை தைத்துக் கொடுத்தாள். முதல் துவையலிலேயே சிவப்பு சாயம் விட்டு வெள்ளைச் சதுரம் எல்லாம் ரத்தம் தோய்ந்த மாதிரி ஆகிவிட்டது. கூடவே ஒரு துண்டு சுருங்கி, பக்கத்துத் துண்டையும் இழுத்துக்கொண்டு நின்றது. குழந்தையின் தாய் அதைக் கொண்டுவந்து மிஷின்மேல் போட்டுவிட்டு, “இதுல என் புள்ளயப் படுக்க வைக்கச் சொல்றியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்றிலிருந்து எந்தத் துணியானாலும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்து, அலசி, உலர்த்தி, பிறகுதான் கத்தரி.

அவளுக்குக் குழந்தை இல்லை. ஆனால் வீடு வெறிச்சென்று கிடந்ததும் இல்லை. அக்கா மகன் இருந்தான். ஊரின் மறுகோடியில் வீடு. பள்ளிக்கூடம் சித்தி வீட்டுப் பக்கம். அதனால் பாதிநாள் இங்கேதான் சாப்பாடு, இங்கேதான் தூக்கம். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் வாரத்தில் ஒருநாளாவது வந்து, துணி மூட்டைமேல் சாய்ந்து கால் நீட்டிக்கொள்வான்.

“எந்திரிடா. வேர்வையோட துணிமேல படுக்காத. துவைச்சு வச்சது.”

“சித்தி, நீ என்னயும் ஒருநாள் கொடியில காயப் போட்டுருவ.”

“காதப் புடிச்சு கிளிப் மாட்டி.”

இப்படித்தான் இருவருக்கும் பேச்சு. ஒருநாள் காலை வேலைக்குப் போனவனை லாரி ஒன்று அடித்துப் போட்டது. அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல அந்தக் குடும்பத்தில் யாராலும் முடிந்ததில்லை.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேற்ற வழி இருந்திருக்கும். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டு வைத்தால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தள்ளி வைப்பாள். தங்கை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால், சுவரைப் பார்த்தபடி இருப்பாள். “அக்கா, என்னையாவது திட்டுக்கா” என்று கெஞ்சிப் பார்த்தாள் ஒட்டுக்காரி. மகன்தான் போய்விட்டான், இவளும் போய்விடுவாளோ என்று தங்கை பயந்தாள். பெற்றவளுக்கு முன்னால் சித்தி ஒப்பாரி வைக்க முடியுமா? தன் துக்கத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அக்காவை எப்படியாவது வெளியே இழுத்துவிட வேண்டும் என்பதொன்றையே பிடித்துக்கொண்டாள்.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்காரர் படியேறி வந்தார். கையில் பெரிய பிளாஸ்டிக் பை. வாயை இறுக்கி முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டியிருந்தது.

“உங்கக்கா குடுத்துவிட்டா” என்றார்.

“அக்காவா? பேசினாங்களா மாமா?”

“பேசினா. ‘தங்கச்சிகிட்ட குடுங்க, எல்லாத்தையும் சேத்து ஒரு போர்வையா தச்சுத் தரச் சொல்லுங்க’ன்னா. அவ்வளவுதான். மறுபடியும் போய்ப் படுத்துட்டா.” அவர் பையை நீட்டினார். “தானா ஒண்ணு கேட்டது இதான்மா மொத தடவ.”

ஒட்டுக்காரி பையை வாங்கிக்கொண்டாள். அவர் படியிறங்கிய பிறகு முடிச்சை விரலால் அவிழ்க்க முடியாமல் ஊசியால் நெம்பி அவிழ்த்தாள். உள்ளே அவன் துணிகள். சட்டைகள், ஒரு துவாலை, படுக்கும்போது போடும் தொளதொள பனியன், மேலாக ஒரு நீலச் சட்டை. எல்லாம் அழுக்குத் துணி. காலர் மடிப்பில் கறுப்புக் கோடு, அக்குளில் உப்புப் பூத்த வளையம். பை திறந்ததும் அடைந்து கிடந்த வேர்வை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. தன்னை அறியாமல் மூக்கைச் சுளித்தாள்.

அவளுக்கு அக்காவை நினைத்துப் பாவமாக இருந்தது. வீட்டில் ஒரு துணியைக் கூட அழுக்கோடு கிடக்க விடாதவள் அக்கா. அவளிடம் கற்றதுதான் இவளுடைய சுத்தமும். துவைக்கப் போட்ட துணியை அப்படியே பையில் திணித்துக் கொடுத்திருக்கிறாளே, வாளியைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டாளே என்று நினைத்தாள். தண்ணீர் பிடித்து வைத்தாள்.

மற்ற துணி என்றால் காலால் மிதித்துத் துவைப்பாள். இதைக் கையால்தான் துவைத்தாள். காலரை உள்ளங்கையில் வைத்துச் சோப்புப் போட்டு, பல் துலக்குகிற பிரஷ்ஷால் இழை கெடாமல் தேய்த்தாள். நீலச் சட்டையின் பையில் மைக்கறை இருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து வெயிலில் வைத்து, மறுபடியும் பிழிந்து, அதையும் போக்கிவிட்டாள். பனியன் அக்குளில் மஞ்சள் மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. சோடா உப்பில் ஊறவைத்தாள். அலசிய தண்ணீர் கண்ணாடியாகத் தெளிகிற வரைக்கும் விடவில்லை. சின்ன வயதில் அவனைக் குளிப்பாட்டியது ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே அலசினாள். அவன் போன பிறகு அவள் மனம்விட்டு அழுதது அன்றுதான்.

பிறகு வெட்டினாள். பொத்தான் பட்டியைக் கூட வீணாக்கவில்லை. பொத்தானோடு சேர்த்து ஓரமாக வைத்துத் தைத்தாள். காலர்களைப் பிரித்து விரித்தபோது, எந்தப் பெண் தைத்த காலரோ, தையல் இம்மி பிசகாமல் இருந்தது. நீலச் சட்டையை நடுவில் வைத்தாள். வெளி வேலை எதையும் கையில் எடுக்கவில்லை. “தையக்காரம்மா வேல நிறுத்தமா?” என்று கீழே டயர் கடைக்காரர் கேட்டதற்கு, “எங்க வீட்டுப் போர்வை” என்று மட்டும் சொன்னாள். இதை அக்கா போர்த்திக்கொண்டு ஒருநாள் நன்றாகத் தூங்குவாள், தூங்கி எழுந்தால் பசிக்கும், பசித்தால் பேசுவாள் என்று ஒவ்வொரு தையலிலும் ஒரு கணக்கு ஓடியது.

முடித்ததும் இஸ்திரி போட்டு மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கணவன் வேனில் கொண்டுபோய் இறக்கினான்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தங்கை போர்வையை அவள் மடியில் வைத்தாள். அக்கா அதை விரிக்கவில்லை, தையலைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளி முகத்தோடு வைத்து அழுத்தினாள். பிறகு முகத்தை எடுத்து, பக்கத்துச் சதுரத்தில் வைத்தாள். அடுத்த சதுரம். அதற்கடுத்தது. குனிந்து குனிந்து, ஓரம்வரை போய், நடுவுக்கு வந்து நீலச் சதுரத்தில் நின்றாள். பொத்தான் கன்னத்தில் பதிந்து தடம் விழுந்தது.

அப்போதுதான் ஒட்டுக்காரிக்கு விளங்கியது.

“துவைச்சியா?” என்றாள் அக்கா.

“துவைக்காம எப்படிக்கா வெட்டறது…”

“நீலத்தையுமா?”

இவள் தலையை ஆட்டினாள்.

அக்கா கோபப்படவில்லை. கணக்குக் கேட்டவளுக்குப் பதில் சொல்வது மாதிரி, நிதானமாகச் சொன்னாள். “கூடையில துவைக்கக் கெடந்தத அப்படியே கட்டி வச்சேன். தெனம் ஒண்ணு எடுத்து மோந்து பாத்துட்டு உடனே கட்டிருவேன். தொறக்கத் தொறக்கக் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. எல்லாத்தையும் ஒண்ணா தச்சுட்டா, இருக்கற மிச்சத்த மொத்தமா மேல போட்டுக்கலாம்னு நெனச்சேன்.”

“சொல்லியிருக்கலாமேக்கா.”

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டி. நீயும் வளத்தவதானே.”

வாசலில் நின்ற மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா சட்டென்று எழுந்து செருப்பைத் தேடினாள். “உன் வீட்ல இருக்கும். அவன் தலகாணி. படுக்கற விரிப்பு. வா போலாம்.”

அவன் போனதிலிருந்து அக்கா வாசல் தாண்டவில்லை. இப்போது தாண்டினாள். இதற்காகத்தானே இத்தனை நாளும் தவம் கிடந்தாள் ஒட்டுக்காரி. வேனில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் வாய்க்குள், வேண்டாம், வேண்டாம் என்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா டயர் கடைப் படியை இரண்டிரண்டாக ஏறினாள். அலமாரியைத் திறந்தாள். தலையணையை எடுத்து முகத்தில் வைத்தாள், கீழே போட்டாள். விரிப்பை உதறினாள். துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கை நிறைய அள்ளி அள்ளி முகர்ந்தாள். சிவப்பு மூட்டை, மஞ்சள் மூட்டை, வெள்ளை. அறை முழுக்கத் துண்டுகள் இறைந்தன. தங்கை தடுக்கவில்லை. கதவோரமாக நின்று பார்த்தாள். அவன் சாய்ந்த மூட்டை எது என்று அக்கா கேட்டபோது, கைகாட்டினாள். அதிலும் சோப்புதான்.

கடைசியில் அக்கா துணிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

“வீட்ட ரொம்ப சுத்தமா வச்சிருக்க” என்றாள்.

குத்திக்காட்டவில்லை. மெய்யாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டு ஒட்டுக்காரி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா எழுந்து, அவளைத் தாண்டி, படியிறங்கிப் போனாள். தொடக்கூட இல்லை.

கணவன் அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. ஒட்டுக்காரி துண்டுகளைப் பொறுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“திட்டினாளா?”

“வழி நெடுக ஒரு வார்த்த இல்ல. எறங்கி உள்ள போயி கதவச் சாத்திட்டாங்க. இத வேனுக்குள்ளயே விட்டுட்டாங்க.” கையிலிருந்த போர்வையைக் காட்டினான். “எங்க வைக்கட்டும்?”

அவளுக்குத் தெரியவில்லை. அலமாரியில் வைத்தால் தினமும் கண்ணில் படும். போர்த்திக்கொள்ள முடியாது. கொடுக்க முடியாது. பிரித்தால் சட்டை ஆகாது. எத்தனையோ பேர் வீட்டுக் கிழிசலுக்கு இடம் கண்டுபிடித்தவளுக்கு இதை வைக்க ஓர் இடம் அகப்படவில்லை.

“நீங்களே வச்சிருங்க” என்றாள்.

அவன் போர்வையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். தலை மெல்லக் குனிந்தது. துணியில் மூக்குப் படுகிற நேரத்தில், அவள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, நிமிர்ந்துகொண்டான்.