மாதா படத்துக்குப் பின்னால் இருந்த கடிதங்கள்

எங்கள் வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்கள் எல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். நான் நாலாம் வகுப்பில் இருந்தபோதே அது வழக்கமாகிவிட்டது. மின்சார பில், வாடகை உயர்வு, அப்பாவின் வேலைத்தலத்து அறிவித்தல் என்று எது வந்தாலும் அம்மா உறையைக் கத்தியால் நேராக வெட்டி என் மேசையின் இடது மூலையில் வைப்பார். நான் வாசித்து, தமிழில் இரண்டு வரி எழுதி, மேலே ஒட்டித் திருப்பிக் கொடுப்பேன். சேஜெப்பில் என் இரண்டாம் ஆண்டு, இலைகள் கொட்டத் தொடங்கிய பிறகு, அந்த மூலைக்கு அம்மா பெயரில் ஒரு கடிதமும் வரவில்லை. நான் அதைக் கவனித்தேன். என்னைப் படிக்க விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மொன்றியலில் பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். அதன் பிறகு இரண்டு வருடம் சேஜெப் என்ற கல்லூரி. அங்கிருந்து நேராக மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கதவைத் திறப்பது ஆர் ஸ்கோர் என்ற ஒரே ஒரு எண். எத்தனை புள்ளி எடுத்தோம் என்பது மட்டும் அதற்குப் போதாது. வகுப்பில் மற்றவர்களுக்கு எவ்வளவு மேலே நிற்கிறோம் என்று பார்க்கும். ஒரு பாடத்தில் ஒரு நாள் சறுக்கினாலும் அது தசமத்தில் தெரியும். பக்கத்தில் இருப்பவள் காய்ச்சலோடு சோதனைக்கு வந்தால் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். எனக்கும் ஓடியது.

அப்பா சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டினார். அம்மா இரண்டு தெரு தள்ளி இன்னொன்றில் மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினார். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சொன்னவர் அப்பா, இலக்கமிட்டு எழுதியவள் நான்.

ஒன்று: சனி, ஞாயிறு விருந்தாளிகள் இல்லை.
இரண்டு: கொண்டாட்டங்களுக்கு அம்மாவும் அப்பாவும் மட்டும்.
மூன்று: தொலைபேசி பிள்ளைக்கு என்றால், பிள்ளை குளிக்கிறாள்.
நாலு: வீட்டுப் பிரச்சினை எதுவானாலும் சோதனை முடிந்த பிறகு.

மூன்றாவதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதை. டொக்டர் ஆனாப் பிறகு சிரி," என்றார் அப்பா.

நாலாவதை நான் யோசிக்காமல் எழுதினேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் சனம் என்னிடம் மருந்துச் சீட்டுகளை நீட்டும். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருந்த அன்ரி, வீட்டிலேயே ஒரு சின்னக் கார்டரி நடத்தி ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர், எல்லாருக்கும் முன்னால் காலை நீட்டுவார்.

"டொக்டரம்மா, இந்த முழங்காலை ஒருக்காப் பாரும்."

"அன்ரி, நான் இன்னும் தவளைதான் வெட்டுறன்."

"தவளைக்கும் முழங்கால் இருக்குத்தானே பிள்ளை!"

அம்மா இப்படியான நேரங்களில் என் தோளுக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் சிரிப்பார்.

செப்டம்பரில் வந்த ஒரு கடிதத்தை நான்தான் வாசித்தேன். அம்மாவுக்கு ஐம்பது வயதாகியிருந்தது. நான் எழுதி ஒட்டிய இரண்டு வரி நினைவிருக்கிறது: 'ஐம்பது வயதான எல்லாப் பெண்களுக்கும் வருவது. மார்பைப் படம் எடுப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை.'

"நீயும் வருவியோ?" என்று அம்மா கேட்டார்.

"அண்டைக்கு லாப் வகுப்பு அம்மா. கீழ்வீட்டு அன்ரியோட போங்கோ. அவவுக்கு என்னைவிட நல்லாப் பிரெஞ்சு வரும்."

என் பட்டியலில் 'அம்மா, படம்' என்ற வரிக்குப் பக்கத்தில் சரி போட்டேன். அம்மா போய் வந்து, "சப்பாத்தி மாதிரி நசிச்செல்லே எடுக்கினம்," என்றார். அவ்வளவுதான். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. சரி போட்ட வரியை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நான் கண்டவை: அம்மா கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். சோற்றுப் பானையை அப்பா வந்து இறக்கும்வரை அடுப்பிலேயே விட்டார். வீட்டுக்குள்ளும் தடித்த சுவெட்டர் போட்டார். நான் அறைக்குள்ளிருந்து வெளியே வரும்போது, கீழ்வீட்டு அன்ரியோடு கதைத்துக்கொண்டிருந்தால் உடனே மீன் விலையைப் பற்றிக் கதைத்தார். ஒவ்வொன்றையும் கண்டேன். உயிரியல் வகுப்பில் கலம் பிரிவதைப் படித்துக்கொண்டிருந்த நான், இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கவில்லை.

பெப்ரவரி முடிவில் விண்ணப்பம் தயாரானது. எங்கள் வீட்டில் எதையாவது வேண்டிக் கேட்டால், அதன் தாளில் ஒரு பிரதியை மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைப்போம். அப்பாவின் அகதி விண்ணப்பம் அங்கே இரண்டு வருடம் இருந்தது. கேட்டது கிடைத்த பிறகுதான் வெளியே எடுக்கலாம். சொருகுவது எப்போதும் அம்மா. அன்று பனியால் பஸ் பிந்தியது, அம்மா இன்னும் வரவில்லை. தபால் மூடுவதற்குள் உறையைக் கொடுக்க வேண்டும். நானே கதிரையில் ஏறினேன். தாள் உள்ளே போகவில்லை. ஏதோ தடுத்தது.

மூன்று உறைகள். மூன்றும் கத்தியால் நேராக வெட்டப்பட்டவை.

என் நாட்காட்டியை எடுத்து வந்து மேசையில் பக்கத்தில் விரித்தேன். முதல் கடிதம் நவம்பரில் வந்திருந்தது. படத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது, மேலும் பார்க்க வேண்டும், டிசம்பரில் ஒரு செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வரவும். என் நாட்காட்டியில் அந்தச் செவ்வாய், காலை ஒன்பது: சேதன இரசாயனம், இறுதிச் சோதனை. இரண்டாவது கடிதம், பெப்ரவரியில் ஒரு வியாழன். நாட்காட்டியில் வியாழன்: பௌதிகவியல். அந்தக் கடிதத்தின் மேல் ஒரு சின்னத் தாள், நான் ஒட்டுவது போலவே ஒட்டியிருந்தது. அம்மாவின் பென்சில் எழுத்து: 'பிள்ளையின்ர சோதினை. பேந்து போவம்.' மூன்றாவதில் திகதியே இல்லை. ஒரு தொலைபேசி எண், தடித்த எழுத்தில், உடனே அழைக்கவும் என்று.

அம்மா பூட்ஸைக் கழற்றாமலே குசினிக்குள் வந்தார். மேசையைப் பார்த்தார்.

"போஸ்ட் பண்ணீட்டியோ?"

"அம்மா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அன்ரி வாசிச்சவ. அவ சொல்லச் சொல்லித்தான் நிண்டவ. நான்தான் சத்தியம் வாங்கினனான்."

"அன்ரியோட எண்டாலும் போயிருக்கலாமே?"

"போய், அவை ஏதும் எண்டு சொன்னா? நான் இந்த முகத்தை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? நீ பாத்தவுடன கண்டுபிடிச்சிடுவாய். பேந்து சோதினையில என்ன எழுதுவாய்?" பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது. "மார்ச்சுக்குப் பிறகு சொல்லத்தான் இருந்தனான். உன்ர தாள் போய்ச் சேரட்டும் எண்டு."

நான் தொலைபேசியை எடுத்தேன். வரும் திங்கள் காலை ஒரு இடம் காலி என்றார்கள். அது என் இரசாயன இடைச் சோதனை. அம்மா என் நாட்காட்டியை விரலால் தொட்டபடி, "வேற நாள் கேள், வேற நாள் கேள்," என்றார். வருகிறோம் என்று பிரெஞ்சில் சொன்னேன். அம்மாவுக்கு அந்த அளவு பிரெஞ்சு தெரியும். கதிரையில் இருந்துவிட்டார்.

அப்பாவுக்கும் அன்றுதான் தெரியும். அவர் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தாளை உரித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

திங்கள் அம்மா கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். புதுப் படங்கள் எடுத்தார்கள். மருத்துவர் இளம் பெண், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். வெளிச்சப் பெட்டியில் இலையுதிர் காலத்துப் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். படிக்காத கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. அந்த இடைவெளி என்ன செய்தது என்பதை ஏப்ரலில், அறுவைக்குப் பிறகு வந்த அறிக்கையில் வாசித்தேன். புற்றுநோய் அக்குளின் நிணநீர்க் கணுக்கள் வரை போயிருந்தது. அந்த அறிக்கை மேசையின் இடது மூலைக்கு வந்தது, அதை இரண்டு வரியில் எழுத என்னால் முடியவில்லை. அந்த வருடம் எனக்கு மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறகு ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தேன். இப்போது திசு மாதிரிகள் என் கைக்கு வரும்போது, பெயரைப் பார்ப்பதற்கு முன் திகதிகளைப் பார்க்கிறேன்.

"நவம்பரிலேயே எழுதியிருக்கிறோம்," என்று அந்தத் திங்கள் மருத்துவர் பிரெஞ்சில் சொன்னார். "ஏன் வரவில்லை என்று கேளுங்கள்."

கேட்டேன். அம்மா கதவைப் பார்த்தார்.

"கடிதம் வரேல்லை எண்டு சொல்லு."

"அம்மா..."

"சொல்லு பிள்ளை. நாளைக்கு நீ வந்து படிக்கிற இடம். இவளின்ர தாய் சொல்லுக் கேக்காத மனுசி எண்டு எழுதி வைச்சிடுவினம். உனக்கு இடம் தராமல் விட்டிடுவினம்."

மருத்துவர் பேனாவோடு காத்திருந்தார். அதுவரை ஒரு கடிதத்தையும் நான் மாற்றி வாசித்ததில்லை.

"என் சோதனைகள் முடியட்டும் என்று இருந்துவிட்டார்," என்றேன். "நான் சேஜெப். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ஆர் ஸ்கோர்."

அந்த எண்ணை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்தார். பிறகு ஊசியால் திசு எடுக்க வேண்டும், இந்த வாரமே, எந்த நாள் வசதி என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் பக்கம் திரும்பினார். நாள் கேட்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"உனக்கு எண்டைக்குச் சோதினை?"

அந்த வாரம் எனக்கு இரண்டு இருந்தன.

"ஒண்டும் இல்லை அம்மா," என்றேன்.