யூட் அண்ணையின் பாட்ச் இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது

முந்தாநாள், மார்ச் 10, செவ்வாய். காலை 9.20. வார்னிங் 143.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. யூட் அண்ணை போய்விட்டார். மாரடைப்பு. நாற்பத்தாறு வயது.

அவரைத் தெரியாதவர்களுக்கு... மன்னார் ஆள். ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். குரோய்டன் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்கு, ஒரு நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பும் பாட்சை, அதாவது புதிதாகச் சேர்க்கவேண்டிய கோடை, ரிவ்யூ பண்ணுகிறவன் நான். நான் சரி என்றால்தான் வெளியே போகும்.

நான் சரி என்று சொல்லவில்லை. மூன்று தரம் திருப்பி அனுப்பினேன்.

ரிவ்யூவுக்கு முதல் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுவோம். போன வருடம்தான் வந்தது. கோட் வேலை செய்யுமா என்று அது பார்க்காது. வரி எண்பது எழுத்தைத் தாண்டுகிறதா, டாப் கீ தட்டவேண்டிய இடத்தில் ஸ்பேஸ் தட்டியிருக்கிறதா... இதுதான் அதன் கவலை. ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு வார்னிங்.

மேனேஜருக்கு அந்த எண் பூச்சியமாக வேண்டும். எனக்கும்தான். பொய் சொல்லவில்லை.

யூட் அண்ணையோ சரியான பிடிவாதக்காரர். கார்டின் ரெஜிஸ்டர் முகவரி எண்களை ஸ்பேஸ் தட்டித் தட்டி, சிப் கம்பனிப் புத்தகத்தில் உள்ள அட்டவணை மாதிரியே நிரைப்படுத்தி வைத்திருந்தார். அதிலேயே அறுபது வார்னிங்.

"அண்ணை, இதென்ன ஜெர்மன் பஸ் டைம்டேபிளே?"

"ஓமடா. அங்க பஸ் நேரத்துக்கு வரும். புத்தகத்தைப் பக்கத்தில வைச்சுப் பார், ஒரு எண் பிழைச்சாலும் கண்ணில குத்தும்."

"ஸ்கிரிப்டுக்குக் கண் இல்லை அண்ணை. மாத்துங்கோ."

"உனக்கு இருக்குத்தானே?"

மெயிலில் "மாற்றவும்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

போன வியாழக்கிழமை, மூன்றாவது தரம் திருப்பியபோது, என் மேசைக்கே வந்துவிட்டார்.

"டேய், ஸ்பேஸை விடு. கார்ட் பதில் சொல்லாட்டி ஃபங்ஷனை விட்டு வெளிய வாற வழி ஒண்டிருக்கு. அதை ஒருக்காப் பார். எனக்குச் சந்தேகமாக் கிடக்கு."

"முதல்ல வார்னிங்கைக் குறையுங்கோ. பிறகு பாக்கிறன்."

"நீ பொலிசில சேர்ந்திருக்கலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ட்ராமுக்கு நேரமாகிவிட்டது என்று ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவ்வளவுதான். வெள்ளியும் திங்களும் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்; அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

நேற்று மாலை கோலியர்ஸ் வுட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். கோயில் ஆட்கள், நிற்க இடமில்லை. செபமாலை முடிந்ததும் அவருடைய மனைவி என்னைக் கண்டுவிட்டு நேரே வந்தா.

"தம்பி, அவற்ர கோட் உள்ளுக்குப் போட்டாச்சோ? உலகம் முழுக்கப் போகும், தன்ர பேர் இருக்கும் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்."

"இன்னும் இல்லை அக்கா."

"ஏன், பிழையோ?"

"பிழையில்லை... வரி நீளம்."

"வரி நீளமோ?"

எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினா.

இன்று காலை மேனேஜர் சொல்கிறார், யூட்டின் கோடுக்கு மேல் ஸ்பேஸையெல்லாம் திருத்தி நீயே ஒரு க்ளீன்-அப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு என்று. பத்து நிமிட வேலை.

ஆனால் கோடின் பதிவேட்டில் ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவன் பெயர்தான் அந்த வரிக்கு நேரே நிற்கும். ஒரு ஸ்பேஸை மாற்றினாலும் அப்படித்தான். அவர் எழுதிய வரிகள், என் பெயரில்... கள்ள வேலை.

ஆத்திரத்தில் அவர் சொன்ன ஃபங்ஷனைத் திறந்தேன். முதல் முறையாக ஒழுங்காக வாசித்தேன்.

அவர் சந்தேகப்பட்டது சரி. கார்ட் பதில் சொல்லாவிட்டால், மற்ற வேலைகள் குறுக்கிடாமல் போட்ட லாக்கை, அந்தப் பூட்டை, எடுக்காமலே வெளியேறுகிறது. மெஷின் அப்படியே உறைந்துவிடும். திருத்த இரண்டு வரி போதும்.

மூன்று ரிவ்யூ. பக்கம் பக்கமாகக் கமெண்ட். இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஸ்கிரிப்டுக்குத் தெரியாது, சரி. எனக்கு என்ன கேடு?

போயிட்டு வாங்கோ அண்ணை.

இனிச் செய்யப்போவது:

1. க்ளீன்-அப் போடமாட்டேன். மேனேஜருக்கு வேண்டுமென்றால் தன் பெயரில் போடட்டும்.

2. லாக் திருத்தம் தனிப் பாட்ச். பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் யூட் அண்ணை.

3. அவருடைய பாட்ச் அவர் அனுப்பியபடியே, அத்தனை ஸ்பேஸோடும், நாளைக்குப் போகும். எழுதியவர் அவர். 143 பற்றி யாராவது கேட்டால் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

4. சனிக்கிழமை அவருக்கான பூசைக்கு முதல் அக்காவுக்கு போன் பண்ணி, போட்டாச்சு என்று சொல்லவேண்டும். பிழை இருந்தது, அதை அவர்தான் கண்டுபிடித்தார், நான்தான் பார்க்கவில்லை என்பதையும்.